தாலி எங்கே என்று கேட்டாயே அம்மா

சேசு மரி சூசை

சார்செல், பிரான்ஸ்,
குருத்தோலை ஞாயிறு, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் உன் மருமகனும் பிள்ளைகளும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா?

போன வாரம் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "கழுத்து ஏன்டி மொட்டையா இருக்கு, தாலி எங்கே?" என்று போனில் அழுதாய். பிள்ளைகள் பக்கத்தில் நின்றதால் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது அரசு முதியோர் இல்லம் இல்லையா. இந்த நாட்டில் 1905-இல் சட்டம் போட்டு அரசாங்கம் வேறு, திருச்சபை வேறு என்று பிரித்துவிட்டார்கள். அரசு வேலையில் இருப்பவர்கள் வேலை நேரத்தில் தங்கள் மதத்தைக் காட்டும் எதையும் அணியக் கூடாது என்பது அந்த வழியில் வந்த விதி. என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் பெண் முக்காட்டைக் கழற்றி வைக்கிறாள், நான் சிலுவைத் தாலியைக் கழற்றி வைக்கிறேன். அதோடு, பெரியவர்களைத் தூக்கி உட்கார வைக்கும்போது சங்கிலி அவர்கள் கையில் சிக்கும். காலையில் உடை மாற்றும் அறையில் கழற்றி, முத்தம் கொடுத்து, நீ தைத்துக் கொடுத்த சுருக்குப் பையில் போட்டுப் பெட்டியைப் பூட்டுகிறேன். வேலை முடிந்ததும் முதல் வேலை அதை எடுத்து மாட்டுவதுதான். தொலைக்கவில்லை, விற்கவில்லை, மறக்கவும் இல்லை அம்மா.

சாம்பல் புதன் அன்றும் அப்படித்தான். நம் ஊரில் காலைப் பூசையில் பூசிய சாம்பலோடு பள்ளிக்கூடம் போவோம், நீ மார்க்கெட்டுக்கே போவாய். இங்கே வேலை முடிந்து, மாலைப் பூசையில்தான் நெற்றியை நீட்டினேன். பெரிய வெள்ளிக்கு எங்களுக்கு விடுமுறை கிடையாது. ஆனால் ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புக்கு நாடு முழுக்க விடுமுறை! நெல்லித்தோப்பில் உங்களுக்குத் திருவிழா, எனக்கு இங்கே லீவு.

அதே 1905 சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவமனை, சிறை மாதிரி இடங்களில் இருப்பவர்கள் வெளியே கோயிலுக்குப் போக முடியாதல்லவா, அவர்களுக்காகச் சாமியார் வர அது வழி விடுகிறது. எங்கள் இல்லத்தில் யாராவது நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வேண்டும் என்று கேட்டால் நான் போய்ச் சொல்லி வரவழைக்கலாம். நானாக யாரிடமும் ஜெபம் பற்றிப் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

இந்நாட்டின் மேற்கே பிரெத்தாஞ் என்கிற பகுதியைச் சேர்ந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். தொண்ணூறு தாண்டியவர், கை நடுங்கும். சாயங்காலம் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு "ஜ வு சலு மரி" என்று பிரெஞ்சில் மரியே வாழ்க தொடங்குவார். விரல் மணியை விட்டு வழுக்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் விரலைப் பிடித்து அடுத்த மணியில் வைத்தேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. மனசுக்குள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" ஓடிக்கொண்டிருந்தது, நம் வீட்டு வேகத்தில். பத்து மணி முடிந்ததும் அவர் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

எல்லா நாளும் இப்படி இல்லை. உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு பெரியவர், என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு "வெள்ளைக்காரப் பெண்ணை அனுப்பு" என்பார். ஒரு நாள் காலையில் ஊட்டின கஞ்சியை என் மேலேயே துப்பினார். குளிப்பாட்டும்போது தண்ணீர் சூடாகும் வரை காத்திராமல், ஜில்லென்றே துணியை நனைத்து முதுகில் வைத்தேன். வேண்டுமென்றேதான் அம்மா. அவர் உடம்பு ஒரு தடவை உதறியது. யாரும் பார்க்கவில்லை, அவரும் புகார் சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

மாதம் ஒரு முறை இங்கே தமிழ்ப் பூசை உண்டு. அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பிரெஞ்சில் சொல்லியிருக்கலாம், ஆனால் இந்தப் பாவம் தமிழில்தான் வாயில் வந்தது. சாமியார் பரிகாரமாக ஜெபம் எதுவும் தரவில்லை. "நாளைக்கு முதலில் அவர் அறைக்குப் போ, தண்ணீர் சூடாகும் வரை காத்திரு" என்றார். ஒரு நாளுக்குத்தான் சொன்னார். நான் அப்புறமும் விடவில்லை. நீ தம்பிக்கு வெந்நீர் பார்ப்பாயே, அந்த மாதிரி முழங்கையில் ஊற்றிப் பார்க்கிறேன். பிறகு காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைத்து, காலுறை மாட்டுகிறேன். அவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

பெரிய வியாழன் பூசையில் சாமியார் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக அப்பா உட்கார்ந்த வருஷம் நினைவிருக்கிறதா? சாமியார் கழுவப் போகிற காலை அப்பா வீட்டிலேயே மூன்று தடவை தேய்த்துக் கழுவிக்கொண்டு போனார். இங்கே அப்படிக் கழுவி வைத்த கால் கிடையாது. வருகிற வியாழன் எனக்கு மாலை வேலை, பூசைக்குப் போக முடியாது. அந்தப் பெரியவர் அறை என் முறையில்தான் இருக்கிறது.

இன்று பூசையில் தென்னங்குருத்து இல்லை. இங்கே பூயி என்று சின்ன இலைச் செடி, அதன் கொப்பைத்தான் மந்திரிக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சிலுவை மடிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்றால் அந்த இலை மடியாது. அப்பாவிடம் சொல்லிக் குருத்தோலைச் சிலுவை இரண்டு மடித்து, அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பு. ஒன்று வீட்டுப் பீடத்துக்கு. இன்னொன்று என் பூட்டுப் பெட்டிக்குள், சுருக்குப் பை பக்கத்தில்.

அன்பு முத்தங்களுடன்,
உன் மகள்