தடுப்படியில் ஓர் ஆள் வேண்டும்: மலைச்சாலை அலுவலகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அலுவலகத்தாருக்கு,

வணக்கம். இதே விஷயத்தை உங்களுக்கு நோர்வேஜிய மொழியில் மூன்று தரம் எழுதிவிட்டேன். உங்கள் இணையப் படிவம் ஆயிரம் எழுத்தோடு கதவைச் சாத்திக்கொள்கிறது. மூன்று தரமும் 'கருத்துக்கு நன்றி' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. ஆகவே இந்தமுறை தமிழில், எனக்கு வேண்டிய நீளத்துக்கு எழுதுகிறேன். கொரோனாக் காலத்தில் கை கழுவச் சொல்லித் தமிழில் அறிவித்தல் தந்த நாடு இது. மொழிபெயர்க்க ஆள் கிடைக்காது என்று சொல்லமாட்டீர்கள்.

மே இரண்டாம் வாரம், நோர்வேயின் வடகோடியில் எங்கள் பின்மார்க் மாவட்டத்து மலைச்சாலையில் நடந்தது உங்கள் பதிவேட்டில் இருக்கும். வானிலைக்காரர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல்நாள் மத்தியானமே மஞ்சள் எச்சரிக்கை விட்டுவிட்டார்கள். நடுச்சாமத்திலிருந்து பனி, வினாடிக்கு 20 மீற்றர் காற்று, மரமில்லாத மேட்டில் முன்னால் போகிற வாகனமே தெரியாத பனிப்புழுதி என்று எல்லாம் சொன்னார்கள், சொன்னபடியே வந்தது. எங்களுக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலில் சட்டென்று பிறந்து ஒரு நாளுக்குள் செத்துப்போகிற துருவத் தாழமுக்கப் புயல் என்றால் யாரையும் நோக முடியாது, அதை மட்டுக்கட்டுவது கஷ்டம். இது அதுவும் இல்லை. இரண்டு நாள் முன்பே வரைபடத்தில் தெரிந்த வடக்குக் காற்று. அப்படியிருந்தும் இரவு பத்து மணிக்கு உங்கள் இணையப் பக்கம் 'சாலை திறந்திருக்கிறது' என்றது. அந்த வரியை நம்பித்தான் அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன்.

அம்மாவுக்கு 79 வயது. கண்ணில் புரை. மலைக்கு அந்தப்பக்க ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த சத்திரசிகிச்சைத் திகதி. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். இந்த மாதத்தில் இங்கே இருட்டு என்று ஒன்று இல்லை. அம்மாவுக்கு நூல் சேலை, அதற்கு மேலே என்னுடைய பெரிய யக்கெற், காலில் இரண்டு சோடி கம்பளி மேசு, மடியில் தேத்தண்ணிப் போத்தலும் புட்டுப் பெட்டியும். "என்ன மாசம் பிள்ளை இது?" என்று கேட்டா. வைகாசி பிறக்கப்போகுது என்றேன். "ஊரிலை இப்ப காண்டாவன வெயில்" என்றுவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தா.

ஏற்றம் தொடங்கும் இடத்தில், மலைச்சாலையை மூடுகிற தடுப்பு விழுந்திருந்தது. சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மீன் லொறி. வேறு யாரும் இல்லை. குளிர்காலமென்றால் அங்கே பனி தள்ளும் லொறி ஒன்று நிற்கும். அதன் சாரதி வந்து கண்ணாடியைத் தட்டுவார், எத்தனை பேர் என்று கேட்பார், இத்தனை மணிக்குக் கூட்டிப்போவேன் என்பார். நாங்கள் எல்லாரும் கொலொன்னெ என்று சொல்கிற அந்த வரிசையில் பின்னால் ஒட்டிக்கொண்டு போய்விடுவோம். அந்த ஏற்பாடுதான் ஏப்ரலோடு முடிந்துவிட்டதே. தொலைபேசியில் ஒரு பிள்ளை மரியாதையாகப் பதில் சொன்னது: "சாரதியை வீட்டிலிருந்து கூப்பிட்டிருக்கிறோம், அரை மணியில் வந்துவிடுவார்." அடுத்த முறை எடுத்தபோதும் அரை மணி. அதற்கு அடுத்த முறையும் அரை மணி. வீட்டுக்குத் திரும்பியிருக்கலாமே என்பீர்கள். திரும்பி இறங்கிய கையோடு தடுப்புத் திறந்து, வரிசை புறப்பட்டுப் போன கதை எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு.

இரண்டு மணித்தியாலம் கழிந்த பிறகு அம்மா என் கையைப் பிடித்தா. ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் கழிப்பறை இல்லை. சுவர் இல்லை. ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லை. கார்க் கதவைத் திறந்தால் காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. லொறிச் சாரதி லித்துவேனியாக்காரர், ஒரு பெடியன், என் மகனின் வயதுதான் இருக்கும். விஷயத்தைக் கையால்தான் காட்டினேன். தன் லொறியின் காற்றுப் படாத பக்கத்தில் ஒரு தறப்பாளைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். சேலையோடு, பனியில், 79 வயதில். திரும்பி வந்து காரில் ஏறியபோது சேலைக் கரை நனைந்து விறைத்துப்போய் இருந்தது. புட்டுப் பெட்டியை அம்மா திறக்கவே இல்லை. ஏழே முக்காலுக்குத் தடுப்புத் திறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்கள் பத்து மணி வரை பார்த்திருக்கிறார்கள்.

அன்றைக்குப் பிறகு அம்மா அதைப்பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை. "இனி ஆஸ்பத்திரி வேண்டாம், தெரியிற அளவு காணும்" என்று மட்டும் சொன்னா.

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். மே 31 வரை தடுப்படியில் ஓர் ஆளும் ஒரு பனி தள்ளும் லொறியும் நிற்கட்டும். தினமும் வேண்டாம். எச்சரிக்கை விட்ட இரவுகளில் நின்றால் போதும். ஜூனிலும் மலையில் பனி விழுவதுண்டு. அதை நான் கேட்கவில்லை, பேராசைக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த ரயர் விஷயத்தில் இந்த நாட்டுக்குப் புத்தி இருக்கிறதே. வடக்கு மாவட்டங்களில் ஒக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை என்று திகதி போட்டுவிட்டு, சாலை நிலைமை கேட்டால் அதற்குப் பிறகும் போடலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, பனிக்குக் கலண்டர் தெரியாது என்பது ரயருக்குச் சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. பனி தள்ளுகிறவருக்கு ஒப்பந்தம் எழுதியவருக்குத்தான் யாரும் சொல்லவில்லைப் போலும்.

நான் இங்கே மீன் ஆலைக்கு வந்தது 1991இல். அப்போது பின்மார்க்கின் கரையோர ஊர்களில் கொட் மீன் வெட்டுகிற மேசைகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். பிறகு பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி ஒவ்வொரு குடும்பமாக ஒஸ்லோவுக்கு இறங்கிப்போனது. அரசாங்கமோ ஆட்கள் இங்கே தங்கவேண்டும் என்று 1990 முதல் வரியைக் குறைத்து, படிப்புக் கடனில் ஆண்டுதோறும் பத்திலொரு பங்கு கழித்துவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வரியைக் குறைத்தால் மட்டும் மலை கடக்குமா? 2020இல் எங்கள் மாவட்டத்தைப் பக்கத்து துரொம்ஸ் மாவட்டத்தோடு ஒட்டினார்கள், 2024இல் வெட்டினார்கள். பெயர்ப்பலகைகள் மாறின. தடுப்படி அப்படியே கிடக்கிறது. இங்கே வராங்கர் குடாநாட்டில் சுற்றுலாப் பயணிகள் காற்றுப் படாமல் உட்கார்ந்து பறவை பார்க்கக் கட்டடக் கலைஞர்கள் மரத்தில் மறைப்புகள் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு அழகு! நானும் போய் இருந்து பார்த்திருக்கிறேன், காற்று ஒரு சொட்டும் உள்ளே வராது. பறவை பார்க்கிறவருக்குக் காற்று படக்கூடாது என்று யோசித்த மூளை, ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவிக்கும் ஒரு மறைப்பு வேண்டும் என்று யோசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? அம்மாவின் தோளில் இரண்டு செட்டை ஒட்டிக் கூட்டிப்போயிருந்தால் ஒருவேளை...

மன்னிக்க வேண்டும், கோபம் எழுத்தில் ஏறிவிட்டது. பனி தள்ளுகிற சாரதிகளை ஒரு வார்த்தையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அன்று வந்தவரும் நித்திரையிலிருந்து எழும்பி, முதலில் தன் ஒழுங்கையில் கிடந்த பனியை வெட்டித்தான் வெளியே வந்திருக்கிறார். என்னிடம் வந்து அவரே மன்னிப்புக் கேட்டார். கேட்கவேண்டியவர் அவர் இல்லை.

ஆகவே தயவுசெய்து, மே 31 வரை எச்சரிக்கை உள்ள இரவுகளில் தடுப்படியில் ஓர் ஆளை நிறுத்துங்கள். மலை மூடப்படும் சாத்தியம் இருந்தால் இரவு பத்து மணிக்கே உங்கள் பக்கத்தில் எழுதுங்கள், நாங்கள் முதல்நாளே புறப்பட்டு மலைக்கு அந்தப்பக்கம் யாரிடமாவது தங்கிக்கொள்வோம். காசு மிஞ்சினால், அந்த இடத்தில் கதவுள்ள ஒரு சின்னக் கழிப்பறை. அழகாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

அம்மாவுக்கு ஒக்டோபர் கடைசியில் மறுபடி ஒரு திகதி தந்திருக்கிறார்கள். போகமாட்டேன் என்று நிற்கிறா. அந்த மாதத்தில் உங்கள் ஆள் தடுப்படியில் நிற்பார் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிற்பாரா என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், அவவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
மீன் ஆலைத் தொழிலாளி ஒருத்தி,
கிழக்கு பின்மார்க்