ஆறு நாள் படைப்பும் ஞானார்த்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆதியாகமத்தின் ஆறு நாள் படைப்பை உருவகமாக வாசிப்பது, டார்வினுக்கு அஞ்சி கிறிஸ்தவர்கள் பின்னாளில் பிடித்துக்கொண்ட சாக்கு என்று அடிக்கடி எழுதுகிறார்கள். சபைக்குள்ளேயே பலர் இதை நம்புவதுதான் வருத்தம்.

டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். அதற்கு 1,600 ஆண்டுகளுக்கு முன்பே அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் கேட்டுவிட்டார்: சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் ஏது? திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் 415 வாக்கில் முடித்த ஆதியாகம உரையில், எல்லாம் ஒருசேரப் படைக்கப்பட்டன, அந்த நாட்கள் நாம் எண்ணும் நாட்கள் அல்ல என்றார். வானத்தையும் பூமியையும் பற்றி நன்கறிந்த புறமதத்தார் முன் வேதத்தைக் காட்டித் தவறாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்பது அவருடைய கவலை. இன்றும் அது பொருந்துகிறது.

வேதமே இதற்கு இடம் தருகிறது. முதல் அதிகாரத்தில் மரங்கள், மிருகங்கள், கடைசியில் மனிதர். இரண்டாம் அதிகாரத்திலோ மனிதன் (2:7), பிறகு மரங்கள் (2:9), மிருகங்கள் (2:19), ஸ்திரீ (2:22). இரண்டையும் நாட்குறிப்பாக எடுத்தால் ஒன்றோடொன்று மோதும்.

அதற்காக எதையும் உருவகமாக்கிவிடலாம் என்பதில்லை. நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல் என்று அதே அகுஸ்தீன் விளக்கினார். கேட்க அழகுதான். ஆனால் "எனக்குப் பிறன் யார்" (லூக்கா 10:29) என்ற கேள்விக்கு இயேசு சொன்ன பதில் அதில் பின்னுக்குப் போய்விடுகிறது. அந்தியோகியாவின் வேத விளக்கவுரையாளர் தியோதோர் போன்றோர் இவ்வகை வாசிப்பை எதிர்த்ததற்கு நியாயம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஓர் எல்லை வகுத்தார்: வாதத்துக்கு ஆதாரம் நேர்ப்பொருள் மட்டுமே. ஆனால் வேதத்தை எழுதியவர் உருவகமாகச் சொன்னதன் கருத்தும் நேர்ப்பொருளில் அடக்கம். 'தேவனுடைய கரம்' என்றால் அவருடைய வல்லமை; கையும் விரலும் அல்ல.

பவுலைப் பாருங்கள். ஆபிரகாமின் பிள்ளைகளைப் பெற்ற ஆகார், சாராள் வரலாற்றுக்கு ஞானார்த்தம், அதாவது உருவகப் பொருள், சொல்கிறார் (கலாத்தியர் 4:24). உயிர்த்தெழுதல் என்று வந்ததும், கண்ட சாட்சிகளைக் கேபா என்ற பேதுருவிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வரை வரிசைப்படுத்துகிறார் (1 கொரிந்தியர் 15). அங்கே உருவகத்துக்கு அவர் இடமே தரவில்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் கொடுத்து, படைப்பின் வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை அவிசுவாசம் என்று அடக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்