சென்னை – பலாலி: தூரம் வேறு, நேரம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கும், கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்காவுக்கும் பறக்க ஏறக்குறைய ஒரே அளவு நேரம் ஆவதால், இரண்டும் ஏறக்குறைய ஒரே தொலைவில் உள்ளன என்று தங்கள் இதழின் பயணக் குறிப்பொன்று கூறியிருந்தது. நேரம் பற்றிய செய்தி சரியானது. அதிலிருந்து பெற்ற முடிவு தவறானது. நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சென்னை விமான நிலையமும் பலாலியும் கிழக்கு 80 பாகை நெடுங்கோட்டை ஒட்டியே அமைந்திருப்பதால், அவற்றின் இடைத்தூரத்தை அகலக்கோட்டு வேறுபாட்டைக் கொண்டே மாணவர்கூடக் கணித்துவிடலாம். வேறுபாடு ஏறத்தாழ 3 பாகை 12 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), அதாவது 192 கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் (1.852 கிலோமீற்றர்) என்று கொண்டால் 192 கடல் மைல், சுமார் 355 கிலோமீற்றர். இதே முறையில் கணித்தால் கட்டுநாயக்கா சுமார் 645 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. பலாலி அதில் பாதியை விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

அப்படியிருக்க நேரம் ஏன் குறையவில்லை? பலாலிக்கு வருவது ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம். அது மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறப்பது. கொழும்புக்குச் செல்லும் ஜெட் விமானங்களோ 800 கிலோமீற்றரை எட்டுபவை. பலாலியின் ஓடுபாதை இன்றுள்ள நிலையில் பெரிய ஜெட் விமானங்களை அங்கே இறக்க இயலாது. மேலும், அட்டவணையில் காணும் ஒன்றேகால் மணி முழுவதும் வானில் கழிவதன்று. தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரை யாவும் அதில் அடங்கும். குறுகிய பயணத்தில் இந்தப் பங்கு பெரிதாகத் தெரியும். திருச்சியிலிருந்து பலாலி 185 கிலோமீற்றர் அளவே என்றாலும் அங்கும் நேரம் பாதியாகக் குறையாததன் காரணம் இதுவே.

யாழ்ப்பாணத்தவருக்கு உண்மையில் மிச்சமாவது வான்வழியில் அன்று, தரைவழியில்தான். என் தாயாரைக் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்ற காலத்தில், முதலில் தெற்கே ஓரிரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்து கட்டுநாயக்காவை அடைந்து, பின்னர் வந்த வழிக்கு மேலாகவே வடக்கு நோக்கிப் பறந்தோம். எண்பது வயதை நெருங்கியவருக்கு அந்த இரவு எத்தகையது என்பதை எந்த அட்டவணையும் காட்டாது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நோய்த்தொற்றுக் காலத்தில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது நாங்கள் மகிழ்ந்தது இதற்காகவே. அது புதிய வழியும் அல்ல: 1947 டிசம்பரில் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் விமானமே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை அடுத்துள்ள காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது.

ஆகவே, இத்தகைய குறிப்புகளில் தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியே குறிப்பிட்டு, எவ்வகை விமானம் என்பதையும், வீட்டிலிருந்து விமான நிலையத்தை அடைய ஆகும் நேரத்தையும் சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன். முதியோரையும் நோயாளரையும் அழைத்துச் செல்வோர் அதைப் பார்த்தே பயணத்தைத் திட்டமிடுகின்றனர்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வலிகாமம் வடக்கு.