பயிற்சிப் போட்டிகளின் கால அளவு குறித்து

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கணினி நிரல் எழுதும் போட்டிகளுக்கான நம் பயிற்சியைக் குறுகிய போட்டிகளோடு நிறுத்திக்கொள்வதா, பல நாள் நீளும் போட்டிகளையும் சேர்ப்பதா என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டும் என்பதே எங்கள் முடிவு.

இணையத்தில் இத்தகைய போட்டிகளை நடத்தும் தளங்களான கோட்ஃபோர்சஸின் இரண்டு மணி நேரச் சுற்றுகளும், அட்கோடரின் 100 நிமிடத் தொடக்கநிலைப் போட்டிகளும், தெரிந்த உத்தியைப் பிழையின்றி விரைந்து எழுதும் பழக்கத்தைத் தருகின்றன. கல்லூரி மாணவர் அணிகளுக்கான உலகளாவிய ஐசிபிசி நிரலாக்கப் போட்டியில் மூவருக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம். தீர்த்த கணக்கில், சரியான விடைக்கு முன்னதாக அனுப்பிய ஒவ்வொரு தவறான விடைக்கும் 20 நிமிடம் தண்டமாகச் சேரும் என்பதால், அதற்குத் தயாராகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்றியமையாதது.

ஆனால் புதியதைக் கற்க அந்த நேரம் போதாது. எண் வரிசையின் ஒரு பகுதியில் உள்ள எண்களை மொத்தமாக மாற்றும் செக்மென்ட் ட்ரீ என்ற தரவுக் கட்டமைப்பை முதன்முறையாகப் படித்து, எழுதி, எல்லைக் குறியீடு ஒன்று தள்ளிப்போன பிழையைப் பிடிப்பதற்குள்ளேயே ஒரு மாலைப் பொழுது ஓடிவிடும். கோட்செஃப் தளம் முன்பு நடத்திய பத்து நாள் போட்டிகள் அந்த அவகாசத்தைத் தந்தன. விடைகளைக் கைமாற்றவும் அதே அவகாசம் உதவியது என்பது வேறு கதை.

எனவே வாரந்தோறும் ஒரு குறுகிய போட்டியும், மாதம் ஒரு முறை நீண்ட போட்டியும் நடைபெறும். நீண்ட போட்டி முடியும்வரை அதன் கணக்குகளைப் பற்றிய குறிப்பு எதையும், கேள்வி வடிவில்கூட, இக்குழுவில் பதிவிட வேண்டாம்.