கரண்டிக் காம்பில் ஒரு நங்கூரம்

அன்புள்ள கண்ணு,

அம்மாவுக்கு நீ அனுப்பிய வெள்ளிக் கரண்டி வந்து சேர்ந்தது. பட்டறைக் கண்ணாடியை எடுத்துக் காம்பைப் பார்த்தேன். சின்னதாக ஒரு நங்கூரம். வெள்ளியின் தரத்தைச் சோதித்துக் குத்தும் உங்கள் பர்மிங்காம் முத்திரை.

நீயும் கூடத் தொழில் செய்யும் நாலு பேரும் அரசாங்கத்துக்குத் தனித்தனியாக மனு எழுதுவதாகப் போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு இந்த நங்கூரத்தின் கதைதான் ஞாபகம்.

உங்கள் ஊர் மாத்யூ போல்ட்டன் வெள்ளிச் சாமான் செய்தவர். முத்திரை குத்த எழுபது மைல் தள்ளி செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். ஷெல்பர்ன் பிரபுவுக்குச் செய்த மெழுகுவத்தித் தண்டுகள் அங்கிருந்து அடிபட்டுத் திரும்பின. நாள் கணக்கில் மெருகிட்ட வேலை! எனக்கே வயிறு எரிகிறது. உள்ளூரில் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் சாலை வராவிட்டால் இந்தத் தொழிலைப் பெரிதாகச் செய்யப் போவதில்லை என்று 1771-இல் அந்தப் பிரபுவுக்கே எழுதினார்.

புலம்பலோடு நிற்கவில்லை அவர். அதே தேவை இருந்த ஷெஃபீல்டுக்காரர்களும் பர்மிங்காம்காரர்களும் 1773-இல் பாராளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். போட்டி ஊர்கள்தான், இந்த ஒரு காரியத்தில் பேச்சு ஒன்றாக இருந்தது. டார்ட்மத் பிரபு போன்ற செல்வாக்குள்ளவர்களையும் போல்ட்டன் ஆதரவு கேட்டு விடாமல் பார்த்தார். லண்டன் பொற்கொல்லர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பர்மிங்காம் சரக்கு என்றாலே போலி என்ற பேச்சு அப்போது உண்டு. பாராளுமன்றக் குழு விசாரித்தபோது, ஏற்கெனவே இருந்த முத்திரைச் சாலைகளின் குறைகளும் வெளியே வந்தன.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. கடைசியில் நிறைவேறிய சட்டம் முத்திரைச் சாலைக்கு அமைத்த மேற்பார்வைக் குழுவில் வெள்ளி வேலைக்காரர்கள் சிறுபான்மைதான். தங்கள் சரக்கை மற்றவர் உரசிப் பார்க்கட்டும் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நாற்பது வருஷம் உரைகல்லோடு இருந்தவன் சொல்கிறேன், அதுதான் பெரிய விஷயம்.

1773 ஆகஸ்ட் 31-இல் நியூ ஸ்ட்ரீட்டில் ஒரு சத்திரத்தின் அறைகளில் வேலை தொடங்கியது. முதல் வாடிக்கையாளர் போல்ட்டனே. லண்டனில் இரண்டு ஊர்க்காரர்களும் கூடிப் பேசிய ‘கிரீடமும் நங்கூரமும்’ என்ற விடுதியின் பெயரைத்தான் பிரித்துக்கொண்டார்கள் என்பார்கள்: ஷெஃபீல்டுக்குக் கிரீடம், உங்களுக்கு நங்கூரம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு பேரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. ஒரே மனுவாக எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் எனக்கும் ஒரு நகல் போடு.

அன்புடன்,
அப்பா