படம் சேமிக்கும் பெட்டியும் வடசென்னை வெள்ளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் போன், டிவி பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள். வீட்டில் நூற்றுக்கணக்கில் படம் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதை எதில் பத்திரப்படுத்துவது என்றும் ஒருமுறை எழுதுங்கள், எங்கள் வடசென்னையின் தண்ணீரையும் உப்புக்காற்றையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

அப்பா பல வருடமாகக் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் விசிடி, டிவிடி எங்களிடம் சுமார் 900 இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நான்கு ஹார்ட் டிஸ்க் போடும் நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து, எந்த அறையிலிருந்தும் படம் பார்க்க உதவும் சேமிப்புப் பெட்டி) வைத்திருந்தேன். நான்கு டிஸ்க்கிலும் பிரித்து எழுதும் 'ரெய்டு 5' என்ற ஏற்பாடு அது, ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றை வைத்து மீட்டுவிடலாம், அதனால் இனி கவலையில்லை என்று நிஜமாகவே நம்பினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பெட்டி இருந்தது டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில். நான்கு டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கின. ரெய்டு ஒரு டிஸ்க் பழுதானால்தான் காப்பாற்றும், வெள்ளத்துக்கும் திருட்டுக்கும் தவறுதலாக அழிப்பதற்கும் அது எதுவும் செய்யாது. கடையில் இதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அதே தண்ணீரில் கிடந்த டிவிடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தோம், பெரும்பாலானவை ஓடுகின்றன. விசிடிதான் நிறைய போய்விட்டது. விசிடியில் படம் பதிந்திருக்கும் வெள்ளி நிறப் பூச்சு லேபிளுக்கு நேர்கீழே இருக்கிறது, சீக்கிரம் உரிந்துவிடும். டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. அதனால்தான் மறுபடி முதலிலிருந்து ஏற்ற முடிகிறது.

சரி, இந்த முறை எதை வாங்குவது? இரட்டை அடுக்கு டிவிடி ஒன்றில் அதிகபட்சம் 8.5 ஜிபி. எல்லாமே அப்படி என்று வைத்தாலும் 900க்கு 7,650 ஜிபிதான், 8 டிபி டிஸ்க் ஒன்றே போதும். (கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கை 7.27 டிபி என்று காட்டும், பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு.) சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும், ஆனால் இந்த அளவுக்கு விலை கட்டுப்படியாகாது, அதோடு வருடக்கணக்கில் கரண்ட் கொடுக்காமல் வைத்தால் மின்னூட்டம் கசிந்து ஃபைல் கெடலாம். நாஸ் பெட்டியோ இருபத்துநாலு மணி நேரமும் ஃபேன் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுப்பது. கேட் கம்பியே துருப்பிடிக்கும் காசிமேடு, ராயபுரம் பக்கம் அது என்ன காற்று என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு அறையில் படம் பார்ப்பதாக இருந்தால் நாஸ் வாங்கலாம், எங்களுக்குத் தேவையில்லை.

அதனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாதாரண 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்று எங்கள் வீட்டுப் பரணில், மூடி இறுகும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு. இன்னொன்று பெரம்பூரில் அக்கா வீட்டில், மூன்றாவது மாடி. மாதம் ஒருமுறை அங்கே போகும்போது புதிதாக ஏற்றியதை அதிலும் ஏற்றிவிடுகிறேன், அப்படியே சில படங்களை ஓட்டியும் பார்த்துவிடுகிறேன்.

உங்கள் பக்கத்தில் எந்த மாடல், என்ன விலை என்பதோடு இரண்டாவது பிரதியை எங்கே வைப்பது என்பதையும் எழுதுங்கள், முடிந்தால் அடுத்த மழைக்கு முன்பே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை