பழைய கதவு எங்கன்னு கேளுங்க

கிளாசிக் கார் போட்டிகளுக்கு மார்க் போடற நடுவர்களுக்கு வணக்கம்.

எங்கப்பா கோயம்புத்தூர்ல முப்பது வருஷம் ஃபியட் 1100க்கு டிங்கர் வேலை பார்த்தவர், அதனால எந்தக் காரைப் பார்த்தாலும் என் கண்ணு பெயிண்ட்ல நிக்காது, நேரா தகட்டுக்குத்தான் போகும். ரெண்டு வருஷம் முன்னாடி மிலான் பக்கம் ஒரு பட்டறைல ஆல்ஃபா ரோமியோ 6சி 2500ங்கற பழைய இத்தாலி கார் ஒண்ணு பார்த்தேன், கார்களுக்கு பாடி கட்டற டூரிங் கம்பெனி செஞ்ச பாடி. கதவோட உள் ட்ரிம்மைக் கழட்டியிருந்தாங்க. அலுமினியத்து மேல சுத்தியல் பட்ட தடம் மீன் செதில் மாதிரி வரிசையா இருந்துச்சு, ஓரத்துல அந்த வண்டியோட பாடி நம்பர், கையால அடிச்சது, ஒரு எண் கொஞ்சம் சாய்ஞ்சு. தொட்டுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அங்கயே நின்னேன்.

அந்தக் கதவைத்தான் தூக்கிப் போடப் போறாங்களாம். கீழ் ஓரம் வெள்ளையா பொடிஞ்சிருக்கு, உள்ள இரும்புக் குழாய் மேல அலுமினியம் போர்த்தற சூப்பர்லெஜேரா முறைல ரெண்டும் ஒட்டற இடத்துல ஈரம் நின்னா இப்படித்தான் அரிக்கும், ஆனா அது ஒரு சாண் அகலம்தான், அதை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டிருக்கலாம். கேட்டா, இடது பக்கமும் வலது பக்கமும் சில மில்லிமீட்டர் ஒத்துப்போகலை, ஸ்கேன் பண்ணி ஒரு பக்கத்தை அப்படியே திருப்பி புதுசா செய்யறோம், இல்லாட்டி மார்க் போயிடும்னாங்க.

உங்க மார்க்குதாங்க.

கையால அடிச்ச பாடி ரெண்டு பக்கமும் எப்படிங்க ஒண்ணா இருக்கும்? மொடேனால ஸ்காலியெட்டி பட்டறைல ஃபெராரிக்கு மணல் மூட்டை மேல தகட்டை வச்சு கண்ணளவுலயே வளைச்சாங்க, அந்த வித்தியாசம்தான் அது கைவேலைங்கறதுக்கு சாட்சி. இதே 6சி 2500ல டூரிங் செஞ்ச ஒரு வண்டி 1949ல இத்தாலில நடந்த வில்லா தெஸ்தே கார் அழகுப் போட்டில பரிசு வாங்கி அந்தப் பேரையே வச்சுக்கிச்சு, அன்னைக்கு அங்க கைதட்டினதும் இந்தக் கோணல் இருந்த தகட்டுக்குத்தான். டூரிங் 1966ல மூடிட்டாங்க, பழைய கம்பெனியில அந்தத் தகட்டை அடிச்ச கைகள் திரும்ப வரப் போறதில்ல.

2024ல அமெரிக்காவுல பெபிள் பீச் கிளாசிக் கார் போட்டில ரெஸ்டோர் பண்ணாத ஒரு 1934 புகாட்டிக்கு முதல் பரிசு குடுத்தாங்க, பெயிண்ட் உரிஞ்சிருந்த வண்டி, இத்தாலி வண்டி இல்லைன்னாலும் அன்னைக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பு ஃபீவாவோட தூரின் சாசனமும் இதைத்தானே சொல்லுது, முடிஞ்சவரைக்கும் இருக்கறதைக் காப்பாத்துங்க, மாத்தினா எழுதி வைங்கன்னு. அப்புறம் ஏன் மேடைல வந்து நின்னதும் பானெட் இடைவெளியை அளந்து மார்க் கழிக்கறீங்க?

பிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இல்லாத வண்டியை உள்ள விடாதீங்க. ட்ரிம்மைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, பழைய தகடு எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு பார்த்து அதுக்கு மார்க் போடுங்க, பளபளப்புக்கு வேணும்னா ரெண்டு மார்க் போட்டுக்கோங்க.

போன மாசம் விசாரிச்சேன், மிலான் வண்டி இன்னும் பெயிண்டுக்குப் போகலை, அந்தக் கதவு ஷெட் மூலைல சாய்ச்சு வச்சிருக்காங்களாம். வண்டி என்னைக்காவது உங்க முன்னாடி வந்து நிக்கும். அப்போ ஓனர்கிட்ட அந்தக் கதவு எங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க.